வால் வீட்டில் சூரியன் அரைத்த மாவு

வைகாசி 30

யாரும் நம்பப்போகாத ஒரு கதையை இன்று முதல் எழுதத் தொடங்குகிறேன் என்று மகேந்திரகிரி மலையின் மேல் வலது கையை வைத்து உறுதி கூறுகிறேன். மலை இங்கிருந்து கொஞ்சம் தூரம்தான். என் கை நீளம்.

நான் கோமதிநாயகம். கோமதி சவுண்டு சர்வீஸின் நிறுவனர், உரிமையாளர், ஒயர்மேன், சுமைதூக்கி. ஒரு காலத்தில் பணகுடி வட்டாரத்தில் நான் மைக்கைத் தட்டி ஹலோ சொன்னால் நாகர்கோவிலில் தொட்டில் குழந்தைகள் பதில் சொல்லும். இப்போது சற்று ஓய்வில் இருக்கிறேன். தங்கை பேச்சித்தாய் வீட்டுக்கு நாலு நாள் மேற்பார்வைக்காக வந்தவன். மேற்பார்வை கொஞ்சம் நீண்டுவிட்டது. இங்கே எனக்கு வரப்போவது மூன்றாவது ஆடிக்கொடை, எங்கள் கோயில் திருவிழா.

பேச்சி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவள் புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு அந்தக் கிரைண்டர்தான் இந்த வீட்டைத் தாங்குகிறது. ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் மின்சாரம் கோயில் பக்கத்து டிரான்ஸ்பார்மரில் புறப்பட்டு, வழியில் உள்ள எல்லா வீட்டிலும் காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி, கடைசியாகத் தெருக்கோடியில் இருக்கும் எங்களிடம் மூச்சிரைக்க வந்து சேரும். ஊரில் இதற்கு வால் வீடு என்று பெயர்.

போன கொடைக்குத் தெரு முழுக்க மாவு தருவதாகப் பேச்சி ஒத்துக்கொண்டிருந்தாள். குடியழைப்பு அன்று, அதாவது கொடைக்கு முந்தின சாயங்காலம், கோயிலில் சீரியல் பல்புகள் எரிந்த மாத்திரத்தில் எங்கள் கிரைண்டர் கல் ஒரு முனகல் முனகி நின்றது. பாதி அரைபட்ட உளுந்து அப்படியே கிடந்தது. விருந்தாளிகளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்த பெண்கள் வெறும் தூக்குவாளியோடு திரும்பினார்கள். டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த வீட்டில் மாவு விற்கும் சுயம்புலிங்கம் அன்று எல்லாருக்கும் மாவு கொடுத்துப் பெரிய மனுஷன் ஆனான்.

இன்று அரிசி களைந்துகொண்டே பேச்சி சொன்னாள்: "இந்தக் கொடைக்கும் கல்லு நின்னுதுன்னா, வீட்டப் பூட்டிட்டு வடிவுகிட்ட திருப்பூருக்குப் போயிருவேன்ண்ணே. இப்பவே சொல்லிட்டேன்."

வடிவு அவள் மகள். பனியன் கம்பெனியில் வேலை. ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. அதில் அம்மாவுக்கு இடம் உண்டு. எனக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

எழுந்து நின்று பிரகடனம் செய்தேன்: ஆடிக்கொடைக்குள் இந்த வீடு கம்பியை மறந்து வானத்திலிருந்து மின்சாரம் இறக்கும். பேச்சி தலையைத் தூக்காமல், முதலில் கொல்லைக் குழாய் ஒழுகுவதை நிறுத்து என்றாள்.

ஆனி 2

காற்றிலிருந்து தொடங்கினேன். தொடங்காமல் என்ன செய்வது? ஊரைச் சுற்றிப் பனைமரத்துக்குப் பாட்டன் உயரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. இந்த மாதத்தில் எங்கள் ஊரில் காக்கை கிழக்கே பறந்தால் நினைத்த இடத்துக்கு முந்தியே போய்விடும்; மேற்கே பறந்தால் புறப்பட்ட கிளையிலேயே நிற்கும். இவ்வளவு காற்றில் இத்தனூண்டு எனக்கென்று கேட்டால் தப்பா?

பழைய காரின் ஆல்டர்னேட்டர் ஒன்று, சீலிங் ஃபேன் இறக்கைகள், இரும்புக் குழாய். மொட்டைமாடியில் நட்டேன். சற்று நேரம் சாதுவாகச் சுற்றியது. பிறகு சுவரில் மோதித் திரும்பிய காற்று ஒரு பக்கமும் நேராக வந்த காற்று ஒரு பக்கமும் பிடித்து இழுக்க, என் காற்றாடி பேய் பிடித்தவள்போல் ஆடி, குழாயை உதறிவிட்டு வானேறியது. காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, தோவாளை மூன்றையும் வலம் வந்து, தோவாளையில் கொஞ்சம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிரம்மு அக்காவின் சாணிக் குவியலில் தலைகீழாக இறங்கியது.

பிரம்மு அக்கா மாடு வைத்திருப்பவள். யாருக்கும் பயப்படாதவள். இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பேச்சி, ஒங்க அண்ணன் விமானம் வுடுதாராம், கீழ எறங்கச் சொல்லு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். என் ஆம்பிளிஃபயருக்கு இல்லாத தொண்டை.

நான் அவமானப்படவில்லை. அந்தச் சாணிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே நெருப்பு தெரிந்தது.

ஆனி 3

இடது முழங்கை வீக்கம். மஞ்சள் பற்று. வேறு விசேஷமில்லை.

ஆனி 5

கொல்லையில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி நிறுவப்பட்டது. பெரிய தொட்டிக்குள் சாணியும் தண்ணீரும் கரைசலாக. அதன்மேல் கவிழ்த்த சின்னத் தொட்டி. உள்ளே சாணம் நொதித்து வாயு சேரச் சேர மேல் தொட்டி தானாக எழும்பும். அதிலிருந்து ஒரு குழாய் நேராக அடுப்புக்கு. முதல் தீனி நிறையச் சாணி வேண்டும். பிரம்மு அக்காவிடம் கேட்டபோது, விமானத்துக்கு எரிபொருளா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

என் ஆம்பிளிஃபயரை வள்ளியூர் சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கலைஞர்களை ஊக்குவிப்பது என் வழக்கம். கொடுத்துவிட்டேன். தொட்டி வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனி 8

கொம்பு ஸ்பீக்கர்களும் வள்ளியூருக்கே போயின. சேர்ந்தே வளர்ந்த பிள்ளைகளைப் பிரிக்கக்கூடாது. அதே மினி லாரியில் திரும்பி வந்தவை: நாலு சோலார் பலகைகள், ஒரு இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரிகள். எல்லாம் யாரோ வைத்திருந்து மாற்றியவை, வேலைக்குக் குறைவில்லை.

பேச்சி பின்கட்டு அறையை எட்டிப் பார்த்தாள். கொம்புகள் இருந்த இடம் காலி. ராத்திரி என் தட்டில் மீன் ஒரு துண்டு கூட இருந்தது. கவனக்குறைவாக இருக்கும்.

ஆனி 10

பலகைகளை மாட்டியாயிற்று. மின்சாரம் கண்ணீர்த் துளிபோல வருகிறது. சூரியன் என்னவோ எங்கள் மாடியில் இறங்கித் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கிறது; இன்வெர்ட்டரோ சாவு வீட்டு முகத்தோடு நிற்கிறது.

பேச்சி துணி காயப்போட வந்தவள் கேட்டாள்: "எதுக்குண்ணே இத வடக்க பாக்க நட்டமா நிறுத்தி வச்சிருக்க?"

வடக்கே தெரு. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமா? சுயம்புலிங்கம் பார்க்க வேண்டாமா? ஒரு விஞ்ஞான சாதனையை ஊருக்கு முதுகு காட்டியா வைப்பார்கள்?

"ஊரு பாக்கதுக்கா, வெயிலு பாக்கதுக்கா?" என்றாள்.

அதோடு நாலாவது பலகையின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுவதையும் காட்டினாள். இந்தப் பலகைகள் ஒரே கம்பியில் கைகோத்து நிற்கிறவை. ஒன்றின் மேல் நிழல் பட்டால் நாலும் சோர்ந்துவிடும். கல்யாணப் பந்தியில் ஒரு சம்பந்தி முகம் கோணினால் அந்த வரிசையே கை கழுவி எழுந்து போகுமே, அப்படி.

எல்லாவற்றையும் கழற்றித் தெற்குப் பார்க்க, நிழல் படாத இடத்தில், லேசான சாய்வில் மாற்றினேன். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் சாதனை துணி காயும் கயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெற்றி, ஆனால் அடக்கமான வெற்றி. எனக்கு இது பழக்கமில்லை.

ஆனி 12

இன்வெர்ட்டர் கீச்சிட்டு மூன்று தடவை அணைந்தது. கிரைண்டர் கல் முதல் சுற்றுக்கு மட்டும் ஒரு யானைக்குத் தேவையான பலம் கேட்கிறது. சுற்றத் தொடங்கிவிட்டால் ஆட்டுக்குட்டி. உளுந்தைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டியது என் பிழை. வெறும் கல்லை முதலில் ஓடவிட்டு, ஃபிரிட்ஜையும் தண்ணீர் மோட்டாரையும் அணைத்துவிட்டு, உளுந்தைக் கை கையாகச் சேர்த்தோம்.

ஓடியது. சூரியன் உளுந்து அரைத்தது. இதைக் கேள்விப்பட்டு சந்திரன் பொறாமையில் அன்று வரவேயில்லை. பேச்சி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு வழிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடி நான் கேட்டு வெகு காலம்.

ஆனி 14

தலையில் இடி. கிரைண்டர் பகலில்தான் ஓடுகிறது; சூரியன் ராத்திரி ஷிப்ட் பார்ப்பதில்லை. இவ்வளவு நாளும் பேச்சி சாயங்காலம் அரைப்பாள், விடியும்போது மாவு பதமாகப் பொங்கியிருக்கும். இப்போது உச்சிவேளையில் அரைத்த மாவு பொழுது சாய்வதற்குள் பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, நடையில் இறங்கி, கிட்டத்தட்ட பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. காலையில் அப்படி ஒரு புளிப்பு. வாங்கினவர்களில் சிலர் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சுயம்புலிங்கம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "என்னவே, சூரியன் அரைச்ச மாவுல மோரே ஊத்தாண்டாம் போலிருக்கே, அப்பிடியே குடிச்சிரலாமா?" என்றான். இதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவன் போன பிறகுதான் வந்தது.

ஆனி 15

மீண்டும் புளிப்பு.

ஆனி 21

நெருப்பு. நெருப்பு. கொல்லைத் தொட்டியின் மேல் மூடி ஆனந்தமாக எழும்பி நின்றது. அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினேன்: மயில் கழுத்து நீலம். பேச்சி அதில் முதல் காப்பி போட்டாள். சாணி வாசனை துளிகூட இல்லை. பிரம்மு அக்காவை அழைத்து ஒரு டம்ளர் கொடுத்தோம். தன் மாடுகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒரு டம்ளர் அவற்றின் பெயரால் கூடுதலாக வாங்கிக் குடித்தாள்.

ஆனி 23

இன்று எனக்கு ஒரு மகா தத்துவம் பிடிபட்டது. மாவு புளித்தால் பொங்குகிறது. தொட்டியும் உள்ளே நொதித்துத்தான் பொங்குகிறது. அப்படியானால் புளித்த மாவைத் தொட்டிக்கே கொடுத்தால்? மாவு விற்கும் வீட்டில் பிறந்த ஞானம் இது. வேறு வீட்டில் இந்த யோசனை வராது. வீணான மாவுக்கும் வழி, அடுப்புக்கும் வழி. திரும்பி வந்த மாவு முழுவதையும் கரைத்து ஊற்றினேன். அந்த நீல நெருப்பு இனி மலை உயரம் எழும்.

ஆனி 27

எழவில்லை. மேல் தொட்டி ஆடுகிறது, குழாயில் காற்று வருகிறது, தீக்குச்சி பட்டால் அணைகிறது. நுரை. நாற்றம் என்றால், எங்கள் ஊர் ஈக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறின. எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தேன். குழாய் மீது பழி போட்டேன். வாஷர் மீது பழி போட்டேன். பிரம்மு அக்காவின் மாடுகளின் குணநலன் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அது அவள் காதில் விழுந்தது ஒரு தனிக் கதை.

பேச்சி குச்சியால் கரைசலைக் கிளறி, முகர்ந்து, நெற்றியைச் சுருக்கினாள். "வயிறு புளிச்சுப்போச்சு இதுக்கு. புளிச்சதையே தின்னக் குடுத்தா வேறென்ன ஆவும்? பட்டினி போடுண்ணே. கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்புத் தண்ணி ஊத்து. பெறகு புதுச் சாணி."

சாணத்தில் இருந்து வாயு செய்யும் நுண்ணுயிர்களுக்குப் புளிப்பு ஆகாது என்று பின்னர் நானே ஆராய்ந்து கண்டுபிடித்தேன். ஆராய்ச்சி என்றால், அவள் சொன்னதை இரண்டாம் முறை கேட்டது.

ஆனி 30

தொட்டி பட்டினி. வீடு பழையபடி சிலிண்டரில். மாவு இன்னும் சற்றுப் புளிப்பு. பேச்சி போனில் வடிவிடம் பேசினாள். அந்த அறையில் மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள்.

என் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். தூசிதான், வேறில்லை.

ஆடி 2

காற்றைத் தோற்கடித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. காற்றை வேலைக்கு வைத்துவிட்டேன். நடந்தது இது. பேச்சி அரிசி, உளுந்து ஊறப்போடும் நேரத்தைத் தள்ளிவைத்தாள். மதியம் சாயும் வெயிலில், கடைசி பலம் இருக்கும்போதே அரைத்தாள். ஆட்டும்போது விடுவதற்கு மண்பானையில் குளிர்ந்த தண்ணீர். மாவுப் பாத்திரங்களை மேற்கு நடையில், காற்று ஊளையிடும் இடத்தில், நனைந்த மணலில் பாதி புதைத்து, ஈரச் சாக்கைச் சுற்றினாள். காற்று சாக்கின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, பாத்திரம் கிணற்றடிபோல் குளிர்ந்தது. காலையில் மாவு சரியான பதத்தில், எழுந்து, வட்டமாக, ஒரு பூப்போல உட்கார்ந்திருந்தது.

கோமதிநாயகத்தின் இறக்கையில்லாக் காற்றாலை என்று இதற்குப் பெயர் வைத்தேன். சாக்கை அப்பப்போ நனைக்க வேண்டியது என் பொறுப்பு. உலகத்தில் எந்தக் காற்றாலை இன்ஜினியருக்கும் இவ்வளவு முக்கியமான வேலை கிடையாது.

ஆடி 8

நீல நெருப்பு திரும்பிவிட்டது. இனித் தொட்டிக்கு அளவாகக் காய்கறிக் கழிவும் சாணியும் மட்டும். புளித்தது போடக்கூடாது என்று பேச்சி சுண்ணாம்பால் தொட்டிமேல் எழுதி வைத்திருக்கிறாள். எனக்காக எழுதியது அல்ல என்று நம்புகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கொடைக்கு இந்தத் தெருவில் பாதி வீட்டார் மாவு கேட்டிருக்கிறார்கள். மீதிப் பாதி, கல் ஓடினால் சொல்லு என்றார்கள். வில்லுப்பாட்டுக் குழுவுக்குக் காலை இட்லி அவித்துத் தரும் பொறுப்பையும் கோயில்காரர்கள் பேச்சியிடம் கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் மேல் தோற்க முடியாத இடம் இது. தோற்றால் திருப்பூர்.

ஆடி 11, திங்கள், குடியழைப்பு

விரிவாக எழுத வேண்டிய நாள்.

காலையிலேயே தெருவுக்கு மூன்று அலங்கார வளைவு. ஒன்றில் மயில், ஒன்றில் சிங்கம், ஒன்றில் என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. விருந்தாளிகள் வந்திறங்க, வீட்டுக்கு வீடு மிக்சி, மோட்டார், ஃபேன். மதியத்துக்கு முன்பே மயிலின் தோகை முழுவதும் எரிய வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் ஒரு தும்மல் தும்மியது. தெரு முழுக்க இருட்டில்லாத இருட்டு: ஃபேன் நின்றது, மோட்டார் நின்றது, சுயம்புலிங்கத்தின் கிரைண்டரும் நின்றது. ஆள் வந்து சரி செய்யப் பொழுது சாயும் என்றார்கள்.

எங்கள் கல் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விளம்பரப் பலகை பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் சூரிய மாவு என்று சீரியல் பல்பில் எழுதி மாட்டியிருந்தேன். பகலிலும் எரிந்தது. தெருவே நின்று பார்த்தது. என் வாழ்நாளில் நான் எரியவிட்ட பல்புகளிலேயே அழகானது.

அப்போது மலைப்பக்கமிருந்து மேகம் வந்தது. சாதாரண மேகமா? கேரளத்தின் பாதியைச் சுருட்டிக் கட்டி எங்கள் மாடிக்கு மேல் இறக்கி வைத்ததுபோல. வெயில் போயிற்று. இன்வெர்ட்டர் கீச்சிட்டது: பேட்டரி இறங்குகிறது. உளுந்து முடிந்து அரிசி பாதி. இன்னும் ஊறின அரிசி பெரிய அண்டாவில்.

பேச்சி ஓடிவந்து வீட்டில் எரிகிற எல்லாவற்றையும் அணைத்தாள். ஃபேன், ஃபிரிட்ஜ், அறை விளக்கு. வாசலுக்கு வந்து என் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே."

அவ்வளவுதான். நானே பிளக்கைப் பிடுங்கினேன். தெருவில் யாரோ ஐயோ என்றார்கள். கீச்சொலி நின்றது.

மேகம் நகர நகர அரைத்தோம். அவள் எதிர்ச் சுவரில் வெயில் ஏறி நிழல் கெட்டியாகிறதா என்று பார்த்து, "இப்ப போடு" என்பாள். நான் அரிசியைக் கை கையாகச் சேர்ப்பேன். நிழல் கரைந்தால் "பொறு" என்பாள். கல்லில் பாரம் ஏற்றாமல் நிற்பேன். என்னை ஒரு வார்த்தையில் ஓட்டினாள், ஒரு வார்த்தையில் நிறுத்தினாள். என் சவுண்டு சர்வீஸில் நாற்பது ஆள் இருந்த காலத்திலும் யாரும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை. நாற்பது ஆள் இருந்ததில்லை. சொல்ல வந்தது ஒழுங்கு பற்றி.

தெருவின் முதல் பாதிக்கு மாவு ஆயிற்று. கல் ஓடினால் சொல்லு என்றவர்களும் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். கல் ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கிறது.

கடைசியாகச் சுயம்புலிங்கம் வந்தான். இரண்டு கையிலும் இரண்டு வாளி: காலையில் ஊறப்போட்ட அவனுடைய அரிசியும் உளுந்தும். ஊறியதை அரைக்காவிட்டால் நாளைக்கு மாட்டுக்குத்தான். அவனை நம்பிய வீடுகளில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் தன் வீட்டிலிருந்து எங்கள் வால் வீடு வரை, தெரு முழுவதும் பார்க்க, நடந்து வந்திருக்கிறான்.

நான் ஒரு மாதம் முன்பே தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சி என்னை முந்திவிட்டாள்.

"உளுந்த மொதல்ல ஊத்தும். பெரிய கரண்டிய எடுத்து நீரே வழிச்சிக்கிடும், எனக்குக் கை ஒழியல."

சுயம்புலிங்கம் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கரண்டியை எடுத்தான். ஒரு பாத்திரம் நிறைய வழித்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டான்: "என்னவே, வெறும் கல்லைத்தான் மொதல்ல ஓட்டணுமோ?"

"ஆமா. பாரம் இல்லாம கெளம்பணும்."

"அப்பம் எங்க வீட்டு மாடிக்கும் ஒரு நாலு பலகை வாங்கித் தாரும்."

சூரியன் அந்த நேரம் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்தது. நான் ஏற்பாடு செய்தது அல்ல என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்பப்போவதில்லை. ஆகவே ஏற்பாடு செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும்போது கடைசி மாவு வழித்தோம். அண்டா காலி. பேச்சி காலிக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். உளுந்து தெறித்திருக்கும்.

ஆடி 12, செவ்வாய், கொடை

மகத்தான நாள். கொல்லைத் தொட்டியின் நெருப்பில் வில்லுப்பாட்டுக் குழுவுக்கு இட்லி அவிந்தது. இட்லி தட்டிலிருந்து எழும்பி மூடியைத் தள்ளிக்கொண்டு மேகத்தில் முட்டியது. பிரம்மு அக்கா தொரட்டியால் இழுத்து இறக்கினாள். குடத்தைத் தட்டுகிறவர் சாப்பிட்ட பிறகு தட்டின தாளத்தில் கோயில் மணி தன்னாலே ஆடியது. சாமியாடி ஆட்டத்துக்கு நடுவில் நின்று இன்னும் இரண்டு இட்லி கேட்டார். பொய். மூன்று கேட்டார்.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் பேச்சியை நிறுத்தி ஒரு வார்த்தை பேசினாள். போன வருஷம் வெறும் வாளியோடு திரும்பிய இரண்டு பேர் அவளைக் கையைப் பிடித்துத் தங்கள் விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்தார்கள். மாவுக்காரி என்று அல்ல. நம்ம பேச்சி என்று.

சாயங்காலம் பனைமரத்தில் கட்டியிருந்த கொம்பு ஸ்பீக்கரிலிருந்து சாமி பாட்டு வந்தது. வள்ளியூர்க்காரரின் செட். மூன்றாவது கொம்பில் ஓரமாக ஒரு சின்னக் கரகரப்பு. அந்தக் கரகரப்பை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் பாடுகிறது. வீட்டுக்குத் திரும்பிச் சாக்கு நனைக்கப் போனேன்.

ஆடி 14

மதியம் வடிவு போன் செய்தாள். பேச்சி நடையில் மாவுப் பாத்திரத்துக்கு மணல் அணைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் மாடிப்படியில் இருந்தேன். கேட்கவில்லை. எதேச்சையாகக் காதில் விழுந்தது.

அறையில் இடம் ஒதுக்கிக் கட்டில் போட்டாயிற்று, எப்போது வருகிறாய் என்று வடிவு கேட்டாள். கொடை நடந்த கதையைச் சொல்லி முடித்து, பேச்சி சொன்னாள்: "ஒங்க மாமன் வாயத் தொறந்தா பூராப் பொய்யிதான்ட்டி. ஆனா கல்லு ஓடுதுல்லா. நான் எங்கயும் வரல. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்."

வடிவு ஏதோ சொல்லிச் சிரித்தாள். பேச்சி போனை வைத்துவிட்டு, மேலே பார்க்காமலே, படியில நின்னது போதும், நாளைக்கு உளுந்து கூட ஊறப்போடணும், பலகைல தூசியத் தொடச்சிட்டு எறங்கு என்றாள்.

துடைத்தேன். இன்று அந்தப் பலகைகள் பிரகாசித்த பிரகாசத்தில் கன்னியாகுமரிக் கலங்கரை விளக்கம் வெட்கப்பட்டு அணைந்தது. திருவனந்தபுரத்தில் சேவல்கள் இரண்டாம் முறை கூவின. சூரியன் வந்து என்னிடம் கொஞ்சம் வெளிச்சம் கடன் கேட்டது.

இவற்றில் எதையும் நீங்கள் நம்ப வேண்டாம், நானே நம்பவில்லை. ஆனால் 'நாங்க ரெண்டு பேரும்' என்று அவள் சொன்னாள். அந்த ஒரு சின்ன இடம் மட்டும், சொல்லுக்குச் சொல், நிஜம்.